மைனருக்குப் பத்தியம்

சந்தனமாரி தன் முயலுக்குக் கர்ப்பப்பையை எடுத்து, பிரம்புக் கூடையில் பழைய சேலையை மடித்துப் போட்டு அதன்மேல் படுக்கவைத்து, பிச்சுமணியின் ஆட்டோவில் குலுங்காமல் கொள்ளாமல் கல்லுக்குழித் தெருவுக்குக் கொண்டுவந்து இறக்கிய அன்றைக்கு, அந்தத் தெருவில் எல்லாம் பெருகுவதை நிறுத்திக்கொண்டன. கரைத்து வைத்த மாவு கரைத்த மட்டத்திலேயே நின்றது, அடுப்பில் வைத்த பால் கொதித்ததே தவிர பொங்கவில்லை, பூரி எண்ணெய்க்குள் போனபடியே தட்டையாக வெளியே வந்தது, ஊறப்போட்ட கொண்டைக்கடலை தண்ணீருக்குள் கல்லாகக் கிடந்தது, பலூன்காரன் கண் பிதுங்க ஊதிப் பார்த்துவிட்டுப் பலூனின் வம்சத்தையே திட்டிக்கொண்டு போனான். பிள்ளைகளுக்கு நகம் வளரவில்லை, ஆண்களுக்குத் தாடி வளரவில்லை, கோழி அடைகாத்த முட்டை முட்டையாகவே இருந்தது.

யாரும் வாயைப் பிளந்துகொண்டு நிற்கவில்லை. வாயைப் பிளந்துகொண்டு நின்றால் காலையில் பிள்ளைகளுக்கு யார் பலகாரம் செய்து அனுப்புவது? முதலில் அரிசியைக் குறை சொன்னார்கள், பிறகு உளுந்தை, பிறகு குழாய்த் தண்ணீரை, பிறகு சந்தனமாரியை. அவள்தான் தெருவுக்கே மாவு ஆட்டிக் கொடுக்கிறவள், ஆகவே பழி கடைசியில் அவள் வாசலில் வந்து உட்கார்ந்ததில் தப்பில்லை. ஆனால் எதிர்வீட்டுக் குருவம்மாதான் சரியான இடத்தில் விரலை வைத்தாள்.

“அரிசியுமில்ல, உளுந்துமில்ல. என்னைக்கு அந்த மொசலு வயித்தக் கிழிச்சு உள்ள இருந்ததை எடுத்தாளோ, அன்னைக்கு நின்னது இது.”

சொன்னவுடன் எல்லோருக்கும் அது தாங்களே நினைத்த மாதிரி இருந்தது. அதற்கு மேல் ஏன், எப்படி என்று யாரும் துருவவில்லை.

அந்த முயலின் பெயர் மைனர். சந்தையில் விற்றவன் ஆண் என்று சத்தியம் பண்ணிக் கொடுத்ததால் வந்த பெயர். அது பெண் என்று தெரிவதற்குள் பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. வெள்ளை உடம்பு, ஒரு காதில் மட்டும் சாம்பல் நிறம். சந்தனமாரியின் புருஷன் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போனவன், அங்கேயே வேறொரு குடும்பம், குழந்தை குட்டி என்று தங்கிவிட்டான். ஏன் தங்கிவிட்டான் என்பது தெருவுக்கே தெரியும், ஆனால் இத்தனை காலத்தில் ஒருவர்கூட அதை அவள் முகத்துக்கு நேராகச் சொன்னதில்லை. அந்த ஒரு மரியாதையைத் தெரு காப்பாற்றிக்கொண்டு வந்தது. கிரைண்டர் ஓடும்போது மைனர் அவள் காலடியில் நீட்டிப் படுத்துக்கொள்ளும். அவள் அரிசியைத் தள்ளிவிடத் தள்ளிவிட, அதன் மூக்கும் கூடவே ஆடும். அவளுக்கு உலகத்தில் பேச்சுத்துணை என்று இருந்தது அது ஒன்றுதான், அதுவும் பேசாது.

போன மழைக்காலத்தில் மைனர் தன் நெஞ்சு முடியைத் தானே பிடுங்கிக் கூடு கட்ட ஆரம்பித்தது. வயிற்றில் குட்டி இல்லை, ஆனாலும் கட்டியது. கலைத்துவிட்டால் மறுபடியும் பிடுங்கிக் கட்டியது. மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது டாக்டரம்மா வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு, கர்ப்பப்பையில் கட்டி இருக்கிறது, எடுக்காவிட்டால் உயிருக்கு ஆபத்து என்றாள். எடுத்தார்கள். அனுப்பும்போது டாக்டரம்மா சந்தனமாரியின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

“புண்ணு தானா ஆறிரும்மா, அதப்பத்திக் கவலைப்படாதீங்க. இது மனுஷங்க மாதிரி இல்ல, பட்டினியே போடக்கூடாது. புல்லும் தண்ணியும் எப்பவும் பக்கத்துல இருக்கணும். புழுக்கை போடுதான்னு பாத்துக்கிட்டே இருங்க. புழுக்கை நின்னா குடல் நின்னுருச்சுன்னு அர்த்தம். குடல் நின்னா அம்புட்டுத்தான்.”

சந்தனமாரி அப்படியேதான் செய்தாள். கூடைக்குப் பக்கத்தில் அருகம்புல்லும் கிண்ணத்தில் தண்ணீரும் வைத்தாள், வலி மருந்தைச் சொட்டுச் சொட்டாக வாயோரத்தில் விட்டாள், தையலை நக்கப் போனால் முகத்தை மெல்லத் திருப்பினாள், வேலைக்கு நடுவே ஓடிவந்து ஓடிவந்து புழுக்கையைப் பார்த்தாள். மிளகு மாதிரி உருண்டையாக, காய்ந்து, நாற்றமில்லாமல் விழுந்த புழுக்கைகளைப் பார்க்கும்போது அவளுக்கு நெஞ்சு குளிர்ந்தது. இப்படி ஒரு சந்தோஷம் இருக்கிறது என்று வெளியே சொன்னால் காறித் துப்புவார்கள் என்பதால் அவள் யாரிடமும் சொல்லவில்லை.

தெரு இதற்குள் புது நிலைமைக்குப் பழகிவிட்டது. இட்லியை மறந்து அடைக்கும் களிக்கும் மாறினார்கள். பாலை அடுப்பில் வைத்துவிட்டு ஊர்க்கதை பேசப் போனாலும் பொங்கி வழியாது என்பதில் பெண்களுக்கு ஒரு நிம்மதி இருந்தது. பள்ளிக்கூட உடுப்பு இந்த வருஷமும் பிள்ளைகளுக்குச் சரியாக இருக்கும் என்று பேசிக்கொண்டார்கள். கொசு பெருகவில்லை. எல்லாரிலும் கொடுத்துவைத்தவன் பிச்சுமணிதான். சின்ன வயதிலிருந்து பூசணிக்காய் போல வீங்கிக் கிடந்த அவனுடைய வலது கால் சத்தமில்லாமல் வற்றி இடது காலுக்குச் சோடியானது. அவன் முதன்முறையாக ஷூ வாங்கிப் போட்டுக்கொண்டு, தெருவின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் சும்மாவே நடந்தான். ஆட்டோவில் ஏறி பிரேக்கை மிதிப்பதையே ஒரு பெருமையாக மிதித்தான்.

கோபம்கூட அந்தத் தெருவில் வளரவில்லை. குழாயடியில் ஒரு குடத்துக்காகத் தலைமுடியைப் பிடித்துக்கொள்கிறவர்கள், இரண்டு வார்த்தை பேசிவிட்டு, மூன்றாவது வார்த்தை வராமல் ஒருவரையொருவர் பார்த்துவிட்டுத் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். இதை எல்லோரும் நல்லதாகத்தான் எடுத்துக்கொண்டார்கள்.

ஆனால் குருவம்மாவின் மகள் அனிதா இருந்தாள். வளைகாப்புப் போட்டுத் தாய்வீட்டுக்கு அழைத்து வந்திருந்தார்கள். ஸ்கேன் பார்க்கப் போன இடத்தில் குழந்தைக்கு உயிர் இருக்கிறது, துடிப்பு இருக்கிறது, ஆனால் போன தடவை பார்த்த அளவுதான் இருக்கிறது, வளரவில்லை என்று சொல்லிவிட்டார்கள். அசைவும் இல்லை. புருஷன் ஊருக்கு அனுப்பிப் பார்த்தார்கள். அங்கேயும் வயிறு அப்படியே இருந்தது. இந்தத் தெருவில் சோறு தின்ற எதற்கும் எல்லை தாண்டினாலும் விடுதலை கிடையாது என்று தெரிந்தது. திரும்ப வந்த அனிதா வளையல் நிறைந்த கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாசல்படியிலேயே உட்கார்ந்திருந்தாள். அவள் கைக்குழந்தையாக இருந்தபோது குருவம்மா தீப்பெட்டி ஆபீசுக்குப் போய்விடுவாள். தூக்கி வைத்திருந்தது சந்தனமாரிதான். 

தெருவில் இரண்டு பெரிய மனிதர்கள் ஆஸ்பத்திரிக்குப் போய், எடுத்ததைத் திரும்ப வைத்துத் தைக்க முடியுமா என்று விசாரித்தார்கள். அது எரித்தாகிவிட்டது என்று பதில் வந்தது. அப்படியென்றால் ஒரு வழிதான். முயலின் புண் ஆறினால் தெருவுக்கு வந்த இதுவும் ஆறும். எவ்வளவு சீக்கிரம் ஆறுகிறதோ அவ்வளவு நல்லது. புண்ணை எப்படி ஆற்றுவது என்பது கல்லுக்குழித் தெருப் பெண்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அரசாங்க ஆஸ்பத்திரியில் குடும்பக்கட்டுப்பாட்டுக்குப் படுத்து எழுந்து வராத பெண் அந்தத் தெருவில் சந்தனமாரியைத் தவிர வேறு யார்?

அவர்கள் வந்தார்கள். ஆபரேஷன் ஆனவளைப் பார்க்க வருகிற முறைப்படியே, ஹார்லிக்ஸ் பாட்டிலும் ரொட்டிப் பாக்கெட்டும் ஆரஞ்சுப் பழமும் வாங்கிக்கொண்டு, கூடையைச் சுற்றி உட்கார்ந்து, “ரொம்ப வாடிப் போயிருச்சே” என்று உச்சுக்கொட்டினார்கள். குருவம்மா தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்து வாசலில் கொட்டினாள்.

“மதினி, அத எதுக்குக் கொட்டுறீக?” என்றாள் சந்தனமாரி.

“வயித்துல கத்தி பட்ட உடம்புக்குப் பச்சத் தண்ணி ஆகுமாடி? சீழு புடிச்சுக்கிரும். இந்தப் புல்லு என்ன இது? அம்புட்டும் குளிர்ச்சி.”

“டாக்டரம்மா புல்லுதான் போடச் சொன்னாக. பட்டினி போட்டா குடலு நின்னுருமாம்.”

“அந்தப் பிள்ளைக்கு வயசு என்ன, அவ எத்தனை தடவை கத்திக்குப் படுத்தா? ஏன் சந்தனம், நாங்க இம்புட்டுப் பேரும் படுத்து எந்திரிச்சு வந்து குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கோமே, எங்களப் பாத்தா உனக்குத் தெரியலையா?”

அன்றிலிருந்து மைனருக்குப் பத்தியம் ஆரம்பமானது. பூண்டை நெருப்பில் சுட்டு மசித்து, குழைந்த சோற்றில் பிசைந்து, பிள்ளைகளுக்குப் பால் புகட்டும் பாலாடையில் ஊற்றி, ஒருத்தி வாயைத் திறந்து பிடிக்க இன்னொருத்தி புகட்டினாள். கருவாட்டுச் சாறு கொடுத்தார்கள். தண்ணீருக்குப் பதில் சுக்கு வெந்நீரில் துணியை நனைத்து உதட்டைத் துடைத்தார்கள். வயிறு தொங்கிப் போகக்கூடாது என்று பழைய நூல் சேலையைக் கிழித்து, நெஞ்சிலிருந்து இடுப்புவரை இறுக்கிச் சுற்றி முடிச்சுப் போட்டார்கள். முறைவைத்துக் காவல் இருந்தார்கள். ஈ மொய்க்காமல் விசிறினார்கள். கண்ணேறு கழித்துச் சுற்றிப் போட்டார்கள். சொந்த மாமியாருக்குச் செய்யாத பணிவிடை. அவர்கள் அன்பாகத்தான் இருந்தார்கள். அவர்கள் கெட்டவர்களாக இருந்திருந்தால் சந்தனமாரிக்கு வேலை சுலபமாக இருந்திருக்கும்.

மைனர் துப்பிப் பார்த்தது, தலையை உதறிப் பார்த்தது, பிறகு உதறுவதை விட்டுவிட்டது. புழுக்கை சிறுத்தது. மிளகளவு இருந்தது கடுகளவானது.

ஒரு மத்தியானம், காவலுக்கு இருந்தவள் சுவரில் சாய்ந்து கண்ணயர்ந்த நேரம், சந்தனமாரி கொல்லையிலிருந்து ஒரு பிடி அருகம்புல்லைப் பறித்து முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு வந்தாள். தன் வீட்டுக்குள் தானே திருடியாக வந்தாள். கூடைக்கருகே குனிந்து ஒரு புல்லை நீட்டியதும் மைனரின் மூக்கு ஆட ஆரம்பித்தது. சாம்பல் காது தூக்கிக்கொண்டது. புல்லின் நுனியைக் கவ்வி, கரகரவென்று மென்றது. அந்தச் சத்தத்தைக் கேட்டு அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தின்னு, என் ராசாத்தி, தின்னு என்று உதட்டுக்குள் சொன்னாள்.

குருவம்மா அப்போது உள்ளே வந்தாள். அவள் கத்தவில்லை. வந்து உட்கார்ந்து, முயலின் தலையை ஒரு கையால் பிடித்து, மறுகையின் ஆட்காட்டி விரலை அதன் வாய்க்குள் விட்டு, பாதி மென்ற புல்லை இழுத்து எடுத்தாள். எடுத்ததைச் சந்தனமாரியின் முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

“புள்ள பெறாதவளுக்கு வயித்தப் பத்தி என்னடி தெரியும்?”

கண்ணயர்ந்திருந்தவள் விழித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். தெரு இத்தனை காலம் காப்பாற்றிவந்த மரியாதை அங்கே ஈரப் புல்லோடு கிடந்தது. சந்தனமாரிக்குக் கோபம் வந்தது. நிஜமாகவே வந்தது, அடிவயிற்றிலிருந்து கிளம்பி நெஞ்சுவரை வந்தது, ஆனால் அந்தத் தெருவில் எது வளர்ந்தது, அவள் கோபம் மட்டும் வளர? நெஞ்சிலேயே நின்றுவிட்டது. அவள் எழுந்து போய்க் கிரைண்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். வாசலில் நின்ற அனிதா உள்ளே எட்டிப் பார்த்து, “அத்தை, சீக்கிரம் ஆறிரும்ல?” என்று கேட்டாள்.

“ஆறிரும் தாயி” என்றாள் சந்தனமாரி.

அதன்பிறகு அவள் புல் பறிக்கப் போகவில்லை. இதை அவளுக்காகச் சப்பைக்கட்டுக் கட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. குருவம்மா சொன்னது ஒருவேளை உண்மையாக இருக்குமோ, தனக்குத்தான் தெரியவில்லையோ என்ற எண்ணம் அவளுக்குள் புகுந்துவிட்டது. அனிதாவின் வயிற்றை நினைத்தாள். மைனரின் வயிற்றை நினைத்தாள். இரண்டில் எதற்கு வாயைத் திறந்தாலும் மற்றதற்குத் துரோகம் என்று தோன்றியது, அதனால் வாயைத் திறக்கவில்லை.

புழுக்கை நின்றது. மைனர் முதுகைக் கூனிக்கொண்டு, கண்ணைப் பாதி மூடி, பல்லை நறநறவென்று கடிக்க ஆரம்பித்தது. சுகமாகத் தூங்குது பாருங்க, தூக்கத்தில் பல்லுக் கடிக்குது என்று பெண்கள் சிரித்தார்கள். சந்தனமாரிக்கு அது வலி என்று தெரிந்தது. போனில் கேட்டபோது டாக்டரம்மா பதறிப்போய், உடனே கொண்டு வாங்க, இப்பவே கிளம்புங்க என்றாள். அவள் கூடையைத் தூக்கினாள். வாசலில் பெண்கள் தோளோடு தோள் ஒட்டி நின்றார்கள்.

“ஆட்டோ குலுக்கல்ல தையலு பிரிஞ்சா எம் மக வயித்துக்கு நீயா பதில் சொல்லுவ?” என்றாள் குருவம்மா. அவள் கண்ணிலும் தண்ணீர் இருந்தது. “நாளைக்கு ஆறிரும் சந்தனம். ஓரம் எல்லாம் காஞ்சுருச்சு, நாந்தான் தெனம் பாக்குறேன்ல. இன்னைக்கு ஒரு பொழுது பொறு தாயி.”

பிச்சுமணி ஷூக் காலோடு தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு அது போகவும் வேண்டாம், ஆறவும் வேண்டாம், இப்படியே இருந்தால் போதும் என்று இருந்தது. சந்தனமாரி கூடையை இறக்கி வைத்தாள்.

மறுநாள் வெயில் ஏறும் நேரத்தில் குருவம்மா துணிக்கட்டை அவிழ்த்தாள். புண் ஆறியிருந்தது. குருவம்மா சொன்னது பொய்யில்லை. தையல் இருந்த இடத்தில் மெல்லிய கோடு ஒன்று மட்டும் இருந்தது, சீழ் இல்லை, சிவப்பு இல்லை, அத்தனை அழகாகத் தோல் சேர்ந்திருந்தது. அவள் அதை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எதிர்வீட்டிலிருந்து அனிதா “அம்மா!” என்று அலறினாள், குழந்தை அசைகிறது என்று அலறினாள்.

அதன்பிறகு தெருவைப் பிடிக்க முடியவில்லை. வீட்டுக்கு வீடு பால் பொங்கி அடுப்பை அணைத்தது, மாவு மூடியைத் தள்ளிக்கொண்டு மேடையில் வழிந்தது, பூரிகள் பந்து பந்தாக எழும்பின, கொண்டைக்கடலை பாத்திரத்தை விட்டு உருண்டது, ஆண்கள் முகத்தில் தாடி அரித்தது. பெண்கள் கூடையைச் சுற்றியிருந்த இடத்தை விட்டுவிட்டு ஓடினார்கள். ஒருத்தியின் விசிறி தரையில் விழுந்து கிடந்தது. யாரும் வாசலை மறிக்கவில்லை, யாரும் எதையும் தடுக்கவில்லை, கல்லுக்குழித் தெருவில் அந்த நேரத்தில் முயல் என்று ஒன்று இருப்பதே யாருக்கும் நினைவில்லை.

சந்தனமாரி புல்லைக் கொண்டுவந்து நீட்டினாள். மூக்கு ஆடவில்லை. தண்ணீரை வாயோரம் விட்டாள். அது மோவாய் வழியாகவே வழிந்தது. வயிறு மத்தளம் மாதிரி உப்பிக்கொண்டு வந்தது. நின்றிருந்த வீக்கம் எல்லாம் தெருவில் எங்கெங்கும் கிளம்பும்போது இதன் குடலுக்குள் அடைத்துக் கிடந்தது மட்டும் சும்மா இருக்குமா? அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு பிச்சுமணி வீட்டுக்கு ஓடினாள். பிச்சுமணி வாசலில் உட்கார்ந்து ஷூவைக் கத்தியால் அறுத்துக்கொண்டிருந்தான். கால் பழையபடி வீங்கிவிட்டது, முன்னைவிடப் பெரிதாக.

“அண்ணே, ஆட்டோவ எடுங்கண்ணே.”

“பிரேக்க எப்படித் தாயி மிதிப்பேன்?” என்று அவன் அழுதான். அவனைப் பார்க்கவும் பாவமாக இருந்தது, பார்த்துக்கொண்டு நிற்க நேரமும் இல்லை.

அவள் மெயின் ரோட்டை நோக்கி நடந்தாள், கூடை குலுங்கக்கூடாது என்று ஓடாமல் நடந்தாள், பிறகு ஓடினாள். எதிரே வந்தவர்கள் எல்லோரும் சிரித்த முகமாக, இட்லி வெந்துருச்சாம், அனிதா பிள்ளை உதைக்குதாம் என்று சொல்லிக்கொண்டு போனார்கள். குழாயடி தாண்டும்போது கூடைக்குள் மைனர் ஒரு தடவை காலை நீட்டி உதைத்தது. அவள் நின்று, கூடையை மூடியிருந்த துண்டை விலக்கிப் பார்த்தாள். நீட்டிய கால் நீட்டியபடியே இருந்தது.

அவள் திரும்பி வந்து கூடையைக் கிரைண்டருக்குப் பக்கத்தில் வைத்து, திறந்திருந்த கண்ணை விரலால் மூடிவிட்டு, உட்கார்ந்தாள். இப்போது கோபம் வந்தது. தடையில்லாமல் வந்தது, நெஞ்சைத் தாண்டித் தொண்டையைத் தாண்டி உச்சந்தலைவரை ஏறியது. தெருவில் ஒவ்வொரு வீட்டு அடுப்பிலும் தண்ணீரை ஊற்றி அணைக்க வேண்டும் என்று இருந்தது. குருவம்மாவின் வாய்க்குள் விரலை விட வேண்டும் என்று இருந்தது.

அந்த நேரத்தில்தான் அவர்கள் வந்தார்கள். தட்டு நிறைய இட்லி, மல்லிகைப்பூ, சந்தனம், முன்னால் குருவம்மா, நடுவில் அனிதா, பின்னால் தெருவே. குருவம்மா கூடையைப் பார்த்துவிட்டு, சாமி முன்னால் பேசுகிற குரலில் கேட்டாள்.

“தூங்குதா?”

 குருவம்மா திரும்பிப் பின்னால் நின்றவர்களைப் பார்த்து உதட்டில் விரலை வைத்தாள். ஒருத்தியின் கொலுசுச் சத்தம்கூடக் கேட்காமல் நின்றார்கள். “பாவம், அசந்து தூங்கட்டும். நம்ம பத்தியந்தான் காப்பாத்துச்சு” என்று ஒருத்தி இன்னொருத்தியின் காதில் சொன்னாள். சந்தனமாரி வாயைத் திறந்தாள். சொல்ல வேண்டியது எல்லாம் நாக்கு நுனியில் வந்து நின்றது.

அதற்குள் அனிதா அவளுக்கு முன்னால் மண்டிபோட்டு உட்கார்ந்து, அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும், அவள் கையைப் பிடித்து இழுத்துத் தன் வயிற்றின்மேல் வைத்தாள்.

“பாருங்கத்தை. இந்தா, இங்கன.”

மைனரின் கண்ணை மூடிய அந்தக் கைக்குள் குழந்தை உதைத்தது. ஒருமுறை, பிறகு நின்று, மறுபடியும் பலமாக. சந்தனமாரிக்குச் சந்தோஷமாக இருந்தது. அவள் எவ்வளவோ தடுத்துப் பார்த்தும் அந்தச் சந்தோஷம் வந்து, பெருகி, முகமெல்லாம் பரவி, எல்லோர் கண்ணுக்கும் தெரிந்துவிட்டது. அவர்களும் பார்த்துச் சிரித்தார்கள். மைனரைக் கொன்றதையாவது என்றைக்காவது அவள் மன்னித்திருப்பாள். அன்றைக்குத் தன்னைச் சிரிக்கவைத்ததற்காகக் கல்லுக்குழித் தெருவைச் சந்தனமாரி கடைசிவரை மன்னிக்கவே இல்லை.